சென்னையின் புதிய அணியும் சப்ரகமுவ தோட்டத்துப் பிள்ளைகளும்

2025 ஐ.பி.எல். தொடரில் 14 போட்டிகளில் நான்கில் மட்டும் வென்ற சென்னை சுப்பர் கிங்ஸ், தன் வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடத்தைப் பிடித்தது. அதற்குப் பிந்திய ஓய்வுக் காலத்தில் அந்த அணி ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. நம் மத்தீஷ பத்திரனவை விடுவித்தது. இந்திய தேசிய அணிக்கு ஒரு தடவைகூட ஆடாத இரண்டு இளைஞர்களைத் தலா 14.20 கோடி இந்திய ரூபாய் கொடுத்து வாங்கியது. சப்ரகமுவவின் பெல்மதுளையிலும் காவத்தையிலும் பலாங்கொடையிலும் மஞ்சள் சட்டை போட்ட பையன்கள் கூடும் இடமெல்லாம் இதுதான் பேச்சு. அந்த முடிவுகள் சரியா, பிழையா என்பதை ஆராய வேண்டியது அவசியம். நம் தோட்டங்களில் பந்து வீசும் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் ஏலத்தின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2026 தொடருக்கு ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத் தொகை 125 கோடி இந்திய ரூபாய். அணியில் அதிகபட்சம் 25 பேர் இருக்கலாம், அவர்களில் வெளிநாட்டவர் எட்டுப் பேர். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் மட்டுமே ஆடலாம். ஆகவே ஒருவருக்கு 18 கோடி கொடுத்தால் அந்தப் பணம் வேறு சிலரின் பங்கிலிருந்து போகிறது. பிடித்த வீரர்களை எல்லாம் வைத்துக்கொள்ள எந்த அணியாலும் முடியாது.

பழையவர்களை நம்பிய ஏலம்

சென்னையின் வீழ்ச்சி 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த பெரிய ஏலத்திலேயே தொடங்கிவிட்டது. 38 வயது அஷ்வினுக்கு 9.75 கோடி கொடுத்தார்கள். ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் என்று நல்ல காலம் கடந்துபோன துடுப்பாட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். முதல் ஆறு ஓவர்களில் மற்ற அணிகள் அடித்து நொறுக்க, சென்னை விக்கெட்டைக் காத்து நின்றது. அனுபவம் இருந்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை 200 ஓட்டங்கள் சாதாரணமாகிவிட்ட காலத்தில் எடுபடவில்லை.

சேப்பாக்கத்தில் நடந்ததுதான் அதைவிட வேதனை. அங்கே விளையாடிய ஆறு போட்டிகளில் ஐந்தில் தோல்வி. பெங்களூர் அணி 2008க்குப் பின் முதல் தடவையாக அங்கே வென்றது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் 103 ஓட்டங்கள் மட்டுமே எடுக்க முடிந்தது. சொந்த ஆடுகளத்தில் ஓர் அணி இப்படித் தடுமாறுவது தற்செயலாக நடப்பதில்லை. எந்த ஆடுகளத்தில் ஆடப்போகிறோம், அதற்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்று பார்க்காமல் பெயரைப் பார்த்து வாங்கியதன் விளைவு அது.

மாற்றம் தொடரின் நடுவிலேயே ஆரம்பமானது. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் விலக, அவர் இடத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் விளாசினார். டெவால்ட் பிரெவிஸும் உர்வில் பட்டேலும் அப்படி இடையில் வந்தவர்களே. மூவரையும் சென்னை தக்கவைத்தது. கொன்வே, ரச்சின் ரவீந்திர, திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் ஆகியோர் விடுவிக்கப்பட்டார்கள். அஷ்வின் தானாகவே ஓய்வு பெற்றார். இந்த அளவில் நிர்வாகம் செய்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. இன்னும் ஓர் ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

ஜடேஜா போய் சம்சன் வந்தார்

2025 நவம்பர் 15ஆம் திகதி அறிவிக்கப்பட்ட பரிமாற்றம் பலரை உலுக்கியது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். அங்கிருந்து சஞ்சு சம்சன் சென்னைக்கு வந்தார். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர் ஜடேஜா. 2012இலிருந்து, அணி தடையில் இருந்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, சென்னையின் ஆளாகவே இருந்தவர். அவரை இன்னோர் அணியின் சட்டையில் பார்க்க மனம் ஒப்பாது.

ஆனாலும் மனத்தைத் தள்ளிவைத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2026 தொடர் தொடங்கும்போது ஜடேஜாவுக்கு 37 வயது, சம்சனுக்கு 31. இதுவரை விக்கெட் காத்த தோனிக்கு 44. அடுத்த விக்கெட் காப்பாளர் யார் என்ற கேள்வியைச் சென்னை ஐந்தாறு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தது. சம்சன் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகிறார். ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக, முதல் ஓவரிலிருந்தே அடிக்கக்கூடியவராக, ஓர் அணியை நான்கைந்து ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவராக வருகிறார். ஒரே ஆளில் மூன்று வேலை. இந்தப் பரிமாற்றம் சரியானது என்பதே என் முடிவு.

இழப்பும் சிறிதல்ல. ஜடேஜா நான்கு ஓவர் வீசுவார், ஏழாம் இடத்தில் அடிப்பார், களத்தடுப்பில் பத்துப் பதினைந்து ஓட்டங்களைத் தடுப்பார். அந்த இடத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளின் அக்கீல் ஹொசைனை 2 கோடிக்கு வாங்கியிருக்கிறார்கள். அவர் வெளிநாட்டவர் என்பதால் பதினொருவரில் தினமும் இடம் கிடைக்காது. எனவே அந்தச் சுமை முழுவதும் ஒரு 20 வயதுப் பையன் மேல் விழப்போகிறது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்திரனவை விட்டது பிழை

இந்தக் கட்டுரையில் நான் உறுதியாகக் குறை சொல்லும் முடிவு இது. பத்திரன 2022இல் ஒரு காயமடைந்தவருக்கு மாற்றாகச் சென்னைக்குப் போனவர். 2023இல் கிண்ணம் வென்றபோது 19 விக்கெட்டுகள் எடுத்தார், அவற்றில் பெரும்பாலானவை கடைசி ஓவர்களில் எடுத்தவை. 2025இல் அவர் பந்து பலமுறை அகலப் போனதும் ஓட்டங்கள் கசிந்ததும் உண்மை. கையின் உயரத்தை மாற்றியதால் வேகமும் துல்லியமும் குறைந்தன என்ற பேச்சும் எழுந்தது. இருந்தாலும் 22 வயது வேகப்பந்து வீச்சாளரின் ஒரு மோசமான ஆண்டு, பயிற்சியால் திருத்தக்கூடியது. 13 கோடியை மிச்சப்படுத்த அவரை விடுவித்தார்கள். 2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

ஏலம் முடிந்தபோது சென்னையிடம் கலீல் அஹமட், அன்ஷுல் கம்போஜ், மெட் ஹென்றி என்று புதுப்பந்துக்கு நல்லவர்கள் இருந்தார்கள். 17ஆவது ஓவருக்குப் பிறகு யார்? நேதன் எல்லிஸ் ஒருவரைத்தான் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. அவருக்குக் காயம் என்றால் அணி திண்டாடும். ராகுல் சஹாருக்குக் கொடுத்த 5.20 கோடியை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். 2025 தொடரில் 24 விக்கெட்டுகள் எடுத்த நூர் அஹமட் இருக்கும்போது இன்னொரு மணிக்கட்டுச் சுழலுக்கு அவ்வளவு விலை தேவையா?

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு மனக்குறையும் உண்டு. முத்தையா முரளிதரன் 2008இலிருந்து 2010 வரை சென்னைக்கு ஆடினார். இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பாட்டனாரின் பேரன் மஞ்சள் சட்டையில் பந்து வீசியதை மலையகம் பெருமையோடு பார்த்தது. 2013இல் தமிழ்நாட்டு அரசின் எதிர்ப்பால் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாத நிலை வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதே சேப்பாக்கத்தில் பத்திரனவும் மஹீஷ் தீக்ஷனவும் பந்து வீச, அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. 2026 தொடருக்கு ஏலத்தில் அமைந்த சென்னை அணியில் இலங்கையர் ஒருவரும் இல்லை.

அரசியல் வந்து வீரனின் வாய்ப்பைப் பறிப்பது இன்றும் ஓயவில்லை. கொல்கத்தா 9.20 கோடிக்கு வாங்கிய பங்களாதேஷின் முஸ்தாபிசுர் ரஹ்மானை இந்தியக் கிரிக்கெட் சபை சொன்னதன் பேரில் 2026 ஜனவரியில் விடுவித்தார்கள். அவர் எந்தப் பந்தும் பிழையாக வீசவில்லை. 2013இல் நம்மவர்கள் அனுபவித்ததை மறக்காதவர்கள் அவருக்காகவும் வருந்த வேண்டும்.

அமேதியும் பரத்பூரும்

சென்னை ஏலத்துக்கு 43.40 கோடியோடு போனது. செலவிட்டது ஏறத்தாழ 41 கோடி. அதில் 28.40 கோடி, அதாவது பத்தில் ஏழு பங்கு, இரண்டே பேருக்கு. ஒருவர் நான் முன்பு சொன்ன 20 வயதுப் பையன், உத்தரப் பிரதேசத்தின் அமேதியைச் சேர்ந்த பிரஷாந்த் வீர், இடது கைச் சுழலும் துடுப்பாட்டமும் தெரிந்த சகலதுறை வீரர். மற்றவர் ராஜஸ்தானின் பரத்பூரைச் சேர்ந்த 19 வயது விக்கெட் காப்பாளர் கார்த்திக் சர்மா, பெரிய சிக்ஸர்களுக்குப் பெயர் பெற்றவர். இருவருக்கும் ஆரம்ப விலை 30 இலட்சம். சர்வதேசப் போட்டி ஆடாதவர்களில் இதுவரை ஐ.பி.எல்.லில் இவ்வளவு விலை போனவர் எவரும் இல்லை. முந்தைய உச்சம் 2022இல் ஆவேஷ் கானுக்குக் கிடைத்த 10 கோடி.

இலங்கை நாணயத்தில் ஒவ்வொருவருக்கும் 45 கோடிக்கும் மேல். இது பைத்தியக்காரத்தனம் என்று பலரும் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை அதிகம்தான். ஆனால் சென்னை செய்திருப்பது அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்கான முதலீடு. இரண்டு பையன்களில் ஒருவர் நிலைத்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. பிரஷாந்த் வீரை ஜடேஜாவோடு ஒப்பிட்டு முதல் மூன்று போட்டிகளிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நிர்வாகம் அவரை ஒரு முழுத் தொடராவது பொறுமையோடு ஆடவைக்க வேண்டும்.

அமேதியிலும் பரத்பூரிலும் இருந்த பையன்கள் சென்னையின் கண்ணில் எப்படிப் பட்டார்கள்? நமக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். வீர் உத்தரப் பிரதேச மாநில ரி20 லீக்கில் ஆடிக் கவனம் பெற்றவர். சர்மா ரஞ்சிக் கிண்ண அறிமுகப் போட்டியிலேயே சதம் அடித்தவர். மாவட்டம், வயதுப் பிரிவு, மாநிலம், மாநில லீக், உள்ளூர் ரி20 தொடர் என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஓட்டங்களை எழுதி வைத்தார், யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். பையனின் அப்பா யார், எந்தப் பாடசாலை என்று அந்தப் புள்ளிப் பதிவேடு கேட்பதில்லை.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜனை நம்மில் பலருக்குத் தெரியும். கூலி வேலைக் குடும்பம், தாயார் தெருவோரத்தில் கோழி இறைச்சி விற்றவர். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில், நம் தோட்டத்துப் பையன்கள் ஆடும் அதே பந்து. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். பிறகு தன் கிராமத்திலேயே ஒரு மைதானம் அமைத்துக் கொடுத்தார். தமிழ்நாட்டின் அந்தப் படிகள் இப்போது கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையின் இந்த 25 பேரில் தமிழ்நாட்டு மாநில அணிக்கு ஆடுபவர் குர்ஜப்னீத் சிங் ஒருவரே.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத் தமிழர் நுவரெலியாவைப் போல ஒரே இடத்தில் திரண்டு வாழ்பவர்கள் அல்லர். தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே சிறு சிறு டிவிஷன்களாகச் சிதறிக் கிடக்கிறோம். ஒரு பாடசாலையில் பதினைந்து வயதுக்குட்பட்ட பதினொரு பையன்களைத் தேர்ந்து, கடினப்பந்துக்கு வேண்டிய கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் வாங்குவது பெரும்பாலான அதிபர்களால் முடியாத காரியம். நாட்சம்பளம் 1,750 ரூபாய் வாங்கும் பெற்றோரால் ஒரு நல்ல மட்டையை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

விளையாட்டு இல்லாமல் இல்லை. பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் மென்பந்துப் போட்டி நடக்காத தோட்டம் அரிது. ஆள் உயரக் கிண்ணங்கள், ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை, பக்கத்துத் தோட்டத்து அணிகள் லொறியில் வந்து இறங்குவது என்று ஊரே கூடுகிறது. அங்கே மணிக்கட்டைச் சுழற்றிப் பந்து திருப்பும் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். போட்டி முடிந்ததும் அந்தத் திறமை எங்கும் பதிவாவதில்லை. அவன் சாதாரண தரம் முடித்துக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விடுகிறான்.

லங்கா பிரீமியர் லீக் இந்தக் குறையைத் தீர்த்திருக்கலாம். 2020இல் பதினெட்டு வயது விஜயகாந்த் வியாஸ்காந்தை யாழ்ப்பாண அணி களத்தில் இறக்கியது. யாழ். மத்திய கல்லூரியின் மாணவர், முதல் போட்டியிலேயே அஞ்சலோ மெத்தியூஸின் விக்கெட்டை எடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லில் ஆடினார். ஒரு பிராந்திய அணி தன் பிராந்தியத்துப் பையனுக்கு ஓர் இடம் கொடுத்ததால் நடந்தது இது.

ஆனால் அந்த லீக்கில் ஓய்வுக் காலம் என்றாலே உரிமையாளர் மாறும் காலம் என்றாகிவிட்டது. கண்டி அணிக்கு டஸ்கர்ஸ், வோரியர்ஸ், பல்கன்ஸ், பி-லவ், மறுபடியும் பல்கன்ஸ் என்று ஐந்து தொடர்களில் நான்கு பெயர்கள். தம்புள்ளை அணியின் உரிமையாளர் 2024 மே மாதம் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானார். ஐந்து தொடர்களில் நான்கில் கிண்ணம் வென்ற யாழ்ப்பாணத்தின் உரிமையாளர் ஒப்பந்தமும் 2025இல் இரத்தானது. 2025 தொடர் ஒத்திவைக்கப்பட்டது. நாளை யார் உரிமையாளர் என்று தெரியாத அணி, ஐந்து ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் பையனைத் தேடித் தோட்டத்துக்கு வராது. சப்ரகமுவவின் பெயரில் ஓர் அணியும் இல்லை.

செய்யக்கூடியவை

இவற்றுக்குக் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை. பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை பக்கத்துத் தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு மைதானமும், கேகாலையில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கத்துக்கு ஒன்றும் போதும், ஆரம்பத்துக்கு. கொங்கிரீட் தளம் போட்டு அதன்மேல் விரிப்பு விரித்த ஓர் ஆடுகளம், இரண்டு வலைகள். நிலம் தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. எழுத்து மூலமான, குறைந்தது பத்தாண்டு அனுமதி வேண்டும். தோட்டத் துரை மாறினால் மைதானம் போய்விடும் என்ற நிலை தொடரக் கூடாது. 2024 தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவான சுந்தரலிங்கம் பிரதீப் இன்று பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சர். இந்த அனுமதியைப் பெற்றுத் தருவதை அவரிடம் நாம் உரிமையோடு கேட்கலாம்.

இரண்டாவது, பாடசாலைக் கிரிக்கெட்டில் கூட்டு அணிக்கு இடம் வேண்டும். தனியாக ஓர் அணி அமைக்க முடியாத நான்கைந்து தமிழ்ப் பாடசாலைகள் சேர்ந்து ஒரே பெயரில் பதினைந்து, பதினேழு வயதுப் பிரிவுகளில் ஆட பாடசாலைக் கிரிக்கெட் சங்கம் அனுமதிக்க வேண்டும். உபகரணங்களைக் கல்வி வலயம் ஒரே இடத்தில் வைத்து, போட்டி நாளில் கொடுத்து வாங்கலாம். நான் முதன்மையாகக் கேட்பது இதைத்தான், ஏனென்றால் மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்றுநர் வகுப்பை இரத்தினபுரியில் தமிழ் மொழியில் நடத்த வேண்டும். சிங்களத்தில் அனுப்பப்படும் அறிவித்தல் தோட்டப் பாடசாலையின் மேசைக்கு வந்து சேரும்போது திகதி கடந்துவிடுகிறது. தெரிவுப் போட்டி அறிவித்தல்கள் இரு மொழியிலும் வருவது சட்டப்படியே நமக்குள்ள உரிமை.

லங்கா பிரீமியர் லீக்கின் புதிய உரிமையாளர்களோடு ஒப்பந்தம் எழுதும்போது இலங்கை கிரிக்கெட் ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும்: ஏலத்துக்கு முன் ஒவ்வோர் அணியும் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டங்களில் திறந்த தெரிவு நாள் ஒன்றை நடத்த வேண்டும், அதில் தெரிவாகும் இருவரையாவது பயிற்சிக் குழாத்தில் வைத்திருக்க வேண்டும். இரத்தினபுரியும் கேகாலையும் ஏதாவது ஓர் அணியின் பங்கில் எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் என்றதும் பையன்களை மட்டும் எண்ணிவிடக் கூடாது. சமரி அத்தபத்து தலைமையில் 2024இல் தம்புள்ளையில் ஆசியக் கிண்ணம் வென்ற பெண்கள் அணியைப் பார்த்த தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு இன்று மைதானத்தில் இறங்க ஒரு மாலை நேரம்கூட ஒதுக்கப்படுவதில்லை. பொது மைதானங்களில் வாரத்தில் இரண்டு நாட்கள் அவர்களுக்கென்று இருக்கட்டும்.

கடைசியாக, நம் கையிலேயே இருக்கும் ஒரு வேலை. தோட்டப் போட்டிகளை நடத்தும் கழகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் தொழிற்சங்கக் கிளைகளும் அடுத்த போட்டியில் பெரிய கிண்ணத்துக்கு ஆகும் செலவில் பாதியை ஒதுக்கி ஒரு பை நிறையக் கடினப்பந்துகளும் இரண்டு சோடி கால்காப்பும் வாங்கலாம். போட்டியின் புள்ளி விவரங்களை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி, ஒவ்வொரு வீரரின் பிறந்த திகதியையும் பாடசாலையையும் சேர்த்து, பிரதி ஒன்றை மாவட்ட விளையாட்டு அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். வருகிற சித்திரைப் போட்டியிலிருந்தே இதைத் தொடங்க முடியும்.